குரலே வினையாயிற்று

பறவைகள் அருகிப் போவதற்குக் காரணம் என்ன? காடழிப்பு. தமிழ்ப்பள்ளியில் தமிழிலும் இடைநிலைப்பள்ளியில் மலாயிலும் இதே விடையை எழுதி முழுப் புள்ளி வாங்கியவர்கள்தாம் நம்மில் பலர். விடை தவறில்லை. ஆனால் எல்லாப் பறவைக்கும் இதையே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோமே, அதுதான் என்னை உறுத்துகிறது.

மலாய்க்காரர்கள் பராவ்-பராவ் என்று அழைக்கும் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டைக்குருவிக் குடும்பத்தில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 29 செண்டிமீட்டர் நீளம். தலை காய்ந்த வைக்கோலின் பொன்னிறம். அலகின் ஓரத்தில் மீசை போல ஒரு கறுப்புக் கோடு. தமிழில் வைக்கோல்தலைச் சின்னான் என்று சொல்லிக்கொள்ளலாம். இதன் அறிவியல் பெயருக்கு 'இலங்கையைச் சேர்ந்தது' என்று பொருள். 1789-இல் பெயர் வைத்தவருக்கு ஊர் குழம்பிவிட்டது போலும். இலங்கையில் இந்தப் பறவையே கிடையாது! தாய்லாந்து, நம் தீபகற்பம், சிங்கப்பூர், சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகியவையே இதன் தாயகம். தாய்லாந்திலும் ஜாவாவிலும் காட்டில் இப்போது இது இல்லை. சுமத்ராவில் கிட்டத்தட்ட முடிந்த கதை. 2018-இல் இது அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலுக்குப் போய்விட்டது.

இதற்கு வினையாக வந்தது அதன் குரல்தான். ஆற்றோரப் புதர்களில் ஜோடியாக, சில வேளை குடும்பமாகச் சேர்ந்து பாடும். ஓரிடத்தைத் தனதாக்கிக்கொண்டு அங்கேயே பாடுவதால், பிடிப்பவன் காடெல்லாம் அலைய வேண்டியதில்லை. காதைத் தீட்டிக்கொண்டால் போதும். இந்தோனேசியாவில் பாடும் பறவை வளர்ப்பது வீட்டுக்குப் பெருமை. பாட்டுப் போட்டிகளும் உண்டு. பறவை குறையக் குறைய விலை ஏறுகிறது. விலை ஏற ஏற, எஞ்சிய ஒன்றிரண்டையும் தேடிப் போகிறார்கள்.

இப்போது சிங்கப்பூரைப் பாருங்கள். தன் பழங்காட்டில் பெரும்பகுதியை எப்போதோ இழந்துவிட்ட அடுக்குமாடித் தீவு. உலகில் இப்பறவை அதிகம் எஞ்சியிருக்கும் இடங்களுள் அதுவும் ஒன்று! புலாவ் உபினில், கைவிடப்பட்ட ரப்பர் மரங்களுக்கும் பழத்தோட்டங்களுக்கும் இடையே அது இன்றும் பாடுகிறது. அங்கே அதைப் பிடிக்கக் கைகள் குறைவு. காடு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை; இருவாச்சிக்குப் பெரிய மரப்பொந்து இல்லாமல் கூடே இல்லை. பராவ்-பராவுக்கோ செம்பனை முதலாளியை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. வீட்டு முன்புறத்தில் தொங்கும் கூண்டையும் கேள்வி கேட்க வேண்டும்.

"அன்பாகத்தானே வளர்க்கிறோம், பப்பாளி கொடுக்கிறோம்" என்பார்கள். அந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் காட்டில் பிடித்துத் தனியே கூண்டில் அடைத்த பறவை இனி குஞ்சு பொரிக்கப் போவதில்லை. காட்டைப் பொறுத்தவரை அது செத்த பறவைக்குச் சமம்.

2022-இல் பனாமாவில் நடந்த அனைத்துலக வனவிலங்கு வாணிப மாநாடு இப்பறவையை முதல் பட்டியலில் சேர்த்தது. காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்கத் தடை. நல்லதுதான். ஆனால் உள்ளூரில் கைமாறுவதை அந்தப் பட்டியல் தடுக்காது. அதைத் தடுக்க வேண்டியது நம் சட்டமும், வாங்குகிறவரின் மனமும்.

நம்மவர் வீட்டுக் கூண்டில் பெரும்பாலும் கிளியோ மைனாவோதான், நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். காலையில் தாமான் வேலியில் உட்கார்ந்து பாடும் குண்டுகரிச்சானை, அதாவது மூராய் கம்போங்கை, எல்லாருக்கும் தெரியும். அதையும் இங்கிருந்து இந்தோனேசியச் சந்தைக்குக் கடத்துகிறார்கள். பராவ்-பராவும் ஒரு காலத்தில் ஆற்றோரத்தில் சாதாரணப் பறவைதான்.

அடுத்த முறை உறவினர் யாராவது பாடும் பறவை வாங்கப் போனால், கூடவே போங்கள். "கூண்டில் பொரித்த குஞ்சு" என்று கடைக்காரர் சொன்னால் அதன் காலைப் பாருங்கள். குஞ்சுப் பருவத்திலேயே மாட்டிய மூடிய வளையம் இருக்க வேண்டும். வளர்ந்த பறவைக்கு அதை மாட்ட முடியாது. வளையம் இல்லையென்றால் மாமாவை வெளியே அழைத்து வந்துவிட்டு, பெர்ஹிலித்தானுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.