தானமும் தகுதியும்

ததீசி முனிவர் தம் எலும்பை ஈந்த வரலாற்றை நம் மாணவர் அறிவர். ஈந்த உள்ளத்தைப் புகழும் நாம் ஈந்த பொருளின் உரத்தை நினைப்பதில்லை. தவத்தால் உறுதிபெற்ற எலும்பாகையாலன்றோ அது வச்சிராயுதமாயிற்று! கல்லீரல் மாற்றுச் சிகிச்சை உணர்த்துவதும் இவ்வுண்மையே.

1963இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தோமஸ் ஸ்டார்சல் என்னும் வைத்தியர் இச்சிகிச்சையை முதன்முதல் மனிதரிடத்து முயன்றார். நம் நாட்டிலோ, 1961இல் ஹட்சன் சில்வா நிறுவிய கண்தான சங்கம் ஈகைக்கு வழிகாட்டியது. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் உறுப்புத் தானத்துக்கு நெறி வகுத்தது. றாகமைப் போதனா வைத்தியசாலையிலும் இன்று கல்லீரல் மாற்றப்படுகின்றது.

மாற்றிய ஈரல் உடனே பித்தம் சுரத்தல் வேண்டும். குருதியை உறையச் செய்யும் பொருள்களை ஆக்கல் வேண்டும். அது தொழிற்படாதொழியின், சில நாட்களுள் வேறோர் ஈரல் கிட்டினாலன்றி நோயாளி பிழையார். ஈந்தவரின் வயது, ஈரலிற் படிந்த கொழுப்பு, அது குளிரில் இருந்த நேரம் ஆகியன இதனைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. கொழுப்பேறிய ஈரல் குளிரையும், பின்னர்க் குருதி மீண்டும் பாய்தலையும் தாங்காது நலிகின்றது. கொட்பேத் துறையில் மீனுக்குப் பனிக்கட்டி இடுவோர் இதனை எளிதில் உணர்வர்: குளிர் கேட்டைத் தாமதிக்கும், இல்லாத நலத்தைத் தாராது.

ஈரற்கொழுப்பு மதுவருந்துவோர்க்கு மட்டும் உரியதன்று. றாகமைப் பகுதியில் நிகழ்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு மதுவாலன்றியே அது உண்டெனக் கண்டது. மிகையுணவும் உழைப்பின்மையும் நீரிழிவும் அதற்குத் துணை. தமையனுக்குத் தன் ஈரலின் ஒரு பகுதியை ஈய முன்வரும் தம்பி, இக்கொழுப்பின் பொருட்டுத் திருப்பி அனுப்பப்படுவதுண்டு. அன்பு குறைவின்றி இருந்தும் ஈரல் இடந்தரவில்லை! எனினும், உணவைக் குறைத்து உடல் எடையைத் தணித்துச் சில மாதங்களில் தகுதி பெற்றோரும் உளர்.

'நான் முதியவன், என் ஈரல் எதற்காகும்?' என்று ஒதுங்குதலும் முறையன்று. முதியோர் ஈரலும் பொருத்தமறிந்து வைத்தவிடத்துப் பயன் தந்துள்ளது. தகுதியை ஆராய்தல் வைத்தியர் கடன். விருப்பத்தை இல்லத்தார்க்கு அறிவித்தல் நம் கடன்.

மாணவர்காள்! மாலை வேளையில் விளையாட்டுத் திடலை மறவாதீர். பழைய மாணவர்காள்! விழா விருந்துகளில் அளவை மறவாதீர். உடலைப் பேணுதல் தன்னலம் என்பர் சிலர். பிறர்க்கு ஈதற்குரிய பொருளைப் பழுதின்றிக் காத்தலும் அறமே என்பது எம் துணிபு.