யார் வயிற்றைக் கட்டி?

பௌர்ணமி இரவுகளில் எங்கள் ஊர்க் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் அன்னதானம் நடக்கும். அங்கே பந்தல் போட்டுப் பொங்கல் வழங்கும் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மனைவி ஒருநாள் சொன்னார்: "சிலிண்டர் ரெண்டு மாசம் வரணும் டீச்சரம்மா. முன்னாடியே தீந்துட்டா மிச்ச நாளைக்கு விறகுதான்." வீட்டுக்குள் எச்சில் கையால் காக்கை ஓட்டாத அந்த மனிதரை ஊர் கஞ்சன் என்பதில்லை. "சிக்கனமானவர்" என்கிறது.

இந்தப் பெயர் மாற்றத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். வருமானம் போதாத வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினால் அது சிக்கனம். பணம் இருந்தும் ஒருவர் முடிவெடுத்து இன்னொருவர் வயிற்றைக் கட்டினால் அது கஞ்சத்தனம். அவளுடைய நாப்கினும் பல்வலியும்தான் அங்கே முதலில் 'வீண் செலவு' ஆகின்றன.

வள்ளுவர் இவறலை அரசியலில், குற்றங்கடிதல் அதிகாரத்தில் வைத்தார். கொடுக்கும் இடத்தில் இருப்பவரின் குற்றம் அது. கணவனின் வளத்துக்குத் தக வாழும்படி மனைவிக்கும் சொன்னார். நம் வீடுகள் இரண்டாவதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டன.

அதனால்தான் பெண்கள் அரிசிப் பானையில் சிறுவாடு சேர்த்தார்கள். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது அந்தக் காசு வெளியே வந்தது. "இவ்வளவு வச்சிருந்தியா?" என்று வீடுகள் சிரித்தன. தன் வீட்டிலேயே அவள் ஏன் ஒளிக்க வேண்டியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. என் மாணவி ஒருத்தி சொன்னாள்: "அம்மாவுக்கு ஆயிரம் வந்ததும் அப்பா வீட்டுச் செலவுல ஆயிரத்தக் குறைச்சிட்டாரு மேடம்." அரசு உரிமை என்று பெயரிட்டுக் கொடுத்ததை அப்பா தன் வரவாக்கிக்கொண்டார். அம்மாவின் கையில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

தோழிகளே, மாப்பிள்ளை பார்க்கும்போது சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். அது யார் கையில் இருக்கும், வீட்டுக் கணக்கை யார் எழுதுவார் என்றும் கேளுங்கள். ஏற்கெனவே மணமானவர்கள் இன்றிரவே அந்தக் கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். தர மறுத்தால், அதைச் சிக்கனம் என்று சொல்வதையாவது நிறுத்துங்கள்.