விருந்துக்குப் பின் மூன்று ஆண்டுகள்

2025 பிளஸ் டூ தேர்வில் 98.82 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது அரியலூர். அதற்கு முந்தைய ஆண்டு பத்தாம் வகுப்பிலும் அந்த மாவட்டம்தான் முதலிடம். 2023 பத்தாம் வகுப்பில் அந்த இடம் பெரம்பலூருக்குக் கிடைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது பெண்களின் எழுத்தறிவு அரியலூரில் 62, பெரம்பலூரில் 66 சதவீத அளவில் இருந்தது. மாநில அளவு 73. அப்படிப் பின்தங்கிக் கிடந்த இரண்டு மாவட்டங்களின் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பதினைந்தே ஆண்டுகளில் செய்து காட்டியிருப்பது சாதாரண வேலை இல்லை. சின்ன வெங்காயம் அறுக்கவும் முந்திரி பொறுக்கவும் போகும் தாய்மார்களின் பெண்கள் இன்று மாநிலத்துக்கே முன்னால் நிற்கிறார்கள்.

பள்ளிக்கூடம் தன் கடமையைச் செய்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கை விட்டுப்போகிறது. ரிசல்ட் வந்த மே மாதமே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. விடுதிக் கட்டணத்துக்குப் பணம் புரளாததால் திருச்சியில் கிடைத்த இடத்தை விட்டுவிடும் பெண்களும் இருக்கிறார்கள். 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தும் மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காத குழுமூர் மாணவி அனிதாவை 2017இல் இழந்த மண் இது. பன்னிரண்டாம் வகுப்போடு ஒரு பெண்ணின் கதை முடிந்துவிடக் கூடாது என்பதை எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் வளைகுடாவில் வாழும் நம் ஊர்க்காரர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறோம். பெரம்பலூர் மாவட்டத்தின் லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத வீடு அரிது. அரியலூர்ப் பக்கத்து இளைஞர்களும் வேலை தேடி அங்கே போகிறார்கள். ஊர்ச் சங்கங்கள் அங்கே இஃப்தார் நடத்துகின்றன, ஒன்றுகூடல் நடத்துகின்றன. அரபுப் பண்பாட்டைக் கொண்டாடி, பெண் கல்விக்கு நிதி திரட்டும் விருந்துகள் உலகின் பல நகரங்களில் நடக்கின்றன. அதே வழியில் நம்மவர்களும் விருந்து வைக்கட்டும். ஆனால், கொண்டாடுவது எதை என்பதில் தெளிவு வேண்டும்.

மந்தி சோறும் குனாஃபாவும் நெடுஞ்சாலைக் கடைகளிலேயே கிடைக்கின்றன. அரபு மரபை அத்தோடு நிறுத்திக்கொண்டால் அது அந்த மரபுக்கே குறை. மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் 859ஆம் ஆண்டு அல் கரவிய்யீன் கல்விக்கூடத்தை எழுப்பியவர் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண் என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் பாட்டிமார்களிடமே அந்த மரபு இருந்தது. குர்ஆன் ஓதக் கற்ற எழுத்திலேயே தமிழையும் எழுதிய அரபுத்தமிழ் நூல்களின் முக்கியமான வாசகர்கள் வீட்டுக்குள் இருந்த பெண்கள்தான். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் அரபுத்தமிழில் எழுதிய மார்க்க நூல்களை அந்தப் பெண்கள் அடுப்படிகளில் படித்தார்கள். பள்ளிக்கூடம் போகாத தலைமுறையின் படிப்பு அது.

இலங்கையிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1882இல் ஆங்கிலேயரிடம் தோற்ற எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா, நாடு கடத்தப்பட்டு மறு ஆண்டு அங்கே வந்து சேர்ந்தார். அங்கே அவருக்குத் தோழரானவர் சித்திலெப்பை, ‘முஸ்லிம் நேசன்’ இதழை நடத்திய வழக்கறிஞர். அவர்களும் வாப்பிச்சி மரைக்காரும் சேர்ந்து எடுத்த முயற்சியில் 1892இல் கொழும்பு மருதானையில் பிறந்ததுதான் பின்னாளில் ஸாஹிரா கல்லூரி. சித்திலெப்பை அதோடு நிற்கவில்லை. கண்டியில் முஸ்லிம் பெண்களுக்கென்றே பள்ளி நடத்தினார். அரபியும் தமிழும் கைகோத்து ஒரு சமூகத்தைப் படிக்க வைத்த கதை இது. விருந்து மேடையில் பேச இதைவிடப் பொருத்தமானது இல்லை.

நம் காலத்திலும் சான்று உண்டு. துபாயில் தொழில் வளர்த்த பி.எஸ்.அப்துர் ரகுமான் தம் ஊரான கீழக்கரையில் தாசீம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியை 1988இல் நிறுவினார். வளைகுடாப் பணம் மாடி வீடாகவும் நகையாகவும் மட்டும்தான் ஊர் திரும்ப வேண்டும் என்று விதி ஏதும் இல்லை.

நம் ஊர்க்காரர்கள் கல்லூரி கட்ட வேண்டாம். வேப்பூரில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது, அரியலூரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. சேர்ந்த பெண் நடுவில் நின்றுவிடாமல் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது நடப்பது என்ன? ஆண்டு விழாவில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்குக் கேடயமும் காசோலையும் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். முதல் மூன்று இடம் பிடித்த பெண் எப்படியும் படித்துவிடுவாள். நாற்பதாவது இடத்தில் இருப்பவளுக்குத்தான் பணம் தேவை. அவளையும் மேடையேற்றி, ஏழை என்று ஊருக்குக் காட்டிப் படம் எடுக்க வேண்டாம். ஒரு பெண்ணை ஏற்றால் பட்டம் வாங்கும்வரை ஏற்க வேண்டும். மூன்று ஆண்டு விடுதிக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் கையில் வந்த பிறகே அடுத்த பெயரைச் சேர்க்க வேண்டும். வரவு செலவை ஜமாஅத் பலகையிலும் பள்ளியிலும் ஒட்ட வேண்டும்.

உதவி முஸ்லிம் பெண்களோடு நின்றுவிடவும் கூடாது. கட்டாயக் கொடையான ஜகாத் யாருக்கு உரியது என்பதற்கு மார்க்க வரையறை உண்டு. மனமுவந்து தரும் சதகாவுக்கு அந்த வரம்பு இல்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தலித் வீட்டுப் பெண்ணும் அந்தப் பட்டியலில் இருந்தால் விருந்தின் மதிப்பு கூடும்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதி இல்லாமல் நன்கொடை திரட்டுவது குற்றம். 2021இல் இதற்கென்றே சட்டம் வந்திருக்கிறது. ஆகவே விருந்தை விடுமுறையில் வரும்போது ஊரிலேயே நடத்துவது நல்லது. இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது.

பெண்களைப் படிக்க வைப்பது அரசின் வேலை, விருந்து வைப்பவர்களின் வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. சரியான கேள்வி. புதுமைப்பெண் திட்டத்தில் மாநில அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. விடுதிக்கு அது போதாது. ஒன்றிய அரசோ சிறுபான்மைப் பள்ளி மாணவிகளுக்கு பேகம் ஹஸ்ரத் மஹல் உதவித்தொகை வழங்கி வந்த மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளையையே 2024இல் மூட உத்தரவிட்டது. அது அநீதி. அந்த உதவித்தொகையை மீட்டுத் தர வேண்டும் என்று தொடர்ந்து கேட்போம். ஆனால், அரசு உதவி கூடும்வரை இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்த பெண் காத்திருக்க முடியாது.

அடுத்த ரமலானுக்கு முன் ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் ஊர் மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரைச் சந்திக்கட்டும். கல்லூரியில் சேராத பெண்களின் பட்டியலைக் கேட்டு வாங்கட்டும். விருந்துக்கு அழைப்பிதழ் அடிப்பது அதற்குப் பிறகு.