திரை நிரம்பினால் படம் நிரம்புமா?

அண்மையில் திருப்போரூரில் உறவினர் இல்லம் ஒன்றில் விருந்து. உணவு முடிந்ததும் பெரியவர்களும் சிறுவர்களுமாகப் பழைய படமொன்றைப் பார்க்க அமர்ந்தோம். படத்தின் இருமருங்கிலும் கறுப்புப் பட்டை நின்றது. "பாதித் திரை வீணாகப் போகிறதே மாமு!" என்று கூறி ஓர் இளைஞர் ரிமோட்டை அழுத்தினார். திரை நிரம்பிற்று, கதாநாயகியோ குட்டையாகிப் பருத்துப் போனார். சபையில் எவருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை. எனக்கு உறுத்திற்று.

படமெடுப்பவன் எதைச் சட்டத்துக்குள் வைப்பது, எதை வெளியே விடுவது என்று தீர்மானிக்கிறானே, அதுவே அவன் கலை. 1953இல் 'தி ரோப்' வாயிலாக ஹாலிவுட் சினிமாஸ்கோப்பைக் கொணர்ந்தது. 1959இல் குரு தத்தின் 'காகஸ் கே பூல்' அதனை இந்தியாவுக்கும், 1973இல் ஏ.பி. நாகராஜனின் 'ராஜராஜ சோழன்' தமிழுக்கும் கொண்டுவந்தன. உயரம் ஒன்றெனில் அகலம் ஏறத்தாழ 2.35. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் அகலமோ 1.33. பெட்டி நிரம்ப வேண்டுமாயின் படத்தில் நூற்றுக்கு 43 பங்கை வெட்டியெறிய வேண்டும். வீடியோ கேசட்டுக் காலத்தில் அப்படித்தான் எறிந்தார்கள். இரு ஓரங்களில் இருவர் நின்று வாதிடும் காட்சியில் ஒருவருடைய மூக்கு நுனி மட்டுமே மிஞ்சும்!

நம் பக்கத்து மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்றும், கங்கை இறங்கும் காட்சி என்றும் அறிஞர் வாதிடும் பெரும்பாறைச் சிற்பத்தை எண்ணிப் பாருங்கள். அதைச் சதுர அட்டையொன்றில் இடைவெளியின்றி நிரப்புங்கள் பார்க்கலாம். வலப்பாறை யானைகளை வைத்துக்கொண்டால் இடப்பாறையின் பெரும்பகுதி போய்விடும். அட்டை நிரம்பிவிட்டது என்று மகிழ்வீர்களா?

"சிறிய பெட்டியில் முகமே தெரியாதே" என்பர் எதிர்வாதம் செய்வோர். அதில் நியாயம் இல்லாமலில்லை. 2006 முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குலப் பெட்டியில் சினிமாஸ்கோப் படத்தை முழு அகலத்தில் இட்டால், திரையின் உயரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் படம் இருக்கும். கண் மங்கிய முதியோருக்கு அது துன்பமே. ஆனால் பெட்டி மாறி, அகன்ற திரை பல இல்லங்களுக்கு வந்த பின்னும் நம் ஆசை மாறவில்லையே! முன்பு அகன்ற படத்தின் பக்கங்களை வெட்டினோம். இப்போது உயர்ந்த படத்தின் தலையையும் காலையும் வெட்டுகிறோம்.

பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' (1964) 2012இலும், 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) 2014இலும் புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தபோது ஊரே கொண்டாடியது. கீறல் நீக்கி, வண்ணம் மீட்டவர்களின் உழைப்பை நானும் போற்றுகிறேன். ஆயினும் அவற்றைச் சினிமாஸ்கோப் ஆக்கியதை ஏற்க இயலவில்லை. பழைய அளவில் எடுத்த படத்தை 2.35க்குக் கொண்டுவர இரண்டே வழி: மேலும் கீழும் வெட்டுவது, இல்லையேல் பக்கவாட்டில் இழுப்பது. வெட்டினால் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு போகும். இதற்குப் பெயர் புதுப்பித்தலா? பந்துலுவைக் கேட்கவும் வழியில்லை. அவர் 1974இலேயே மறைந்துவிட்டார். உயிரோடு இருந்திருந்தாலும் இயக்குநர் என்ற முறையில் அவர் சொல் எடுபட்டிருக்குமோ? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தின் ஆசிரியராகக் கருதுவது தயாரிப்பாளரைத்தான்.

ஆகவே வட்டு வெளியிடுவோர் படம் எடுக்கப்பட்ட அளவையும், தாம் தரும் அளவையும் உறையில் அச்சிட வேண்டும். பால் பொட்டலத்தில் அளவு போடுகிறவர்களுக்கு இது இயலாததன்று. நாமும் நம் பெட்டிகளில் 'முழுத்திரை'ப் பொத்தானைத் தொடாதிருக்கலாம்.

அன்று இளைஞரிடமிருந்து ரிமோட்டை வாங்கி, பழைய அளவுக்கே திருப்பினேன். அவர் முகம் வாடிற்று. மூலையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த பெரியம்மா தலை நிமிர்ந்து பார்த்து, "அட, இப்பத்தான் அந்தப் பொண்ணு அவளா இருக்கா" என்றார்.