மீன் பேனுக்குப் பருத்தி மருந்தா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் பண்ணைக் குட்டை நிரம்பியதும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடும் பழக்கம் திருச்சுழி, நரிக்குடி, அருப்புக்கோட்டைப் பகுதிகளில் பரவி வருகிறது. இது வரவேற்க வேண்டியது. மிளகாயும் பருத்தியும் விலை போகாத ஆண்டில் நாலு காசு கையில் சேர மீன் உதவும். ஆனால், தை பிறந்ததும் பல குட்டைகளில் ஒரு தொல்லை தலைகாட்டுகிறது. மீன்கள் கரையிலும் கம்பிலும் உடம்பைத் தேய்க்கின்றன. துள்ளித் துள்ளி விழுகின்றன. இரை எடுப்பது குறைகிறது. பிடித்துப் பார்த்தால் செதிலுக்கு இடையே சிவந்த புள்ளிகள். இது மீன் பேன்.

இதைக் கண்டதும் சிலர் பருத்திக்குத் தெளித்து மீந்த பூச்சிமருந்தைக் குட்டையில் ஊற்றிவிடுகிறார்கள். இது தவறு. மீன் பேனுக்கு முதல் மருந்து கடையில் இல்லை. நம் ஊர்க் கோடையில் இருக்கிறது என்பதே என் கருத்து.

பேனை அறிவோம்

மீன் பேன் என்கிறோமே தவிர, அது தலையில் காணும் பேனின் இனம் அல்ல. இறால், நண்டு ஆகியவற்றின் இனம். ஆர்குலஸ் என்பது அதன் அறிவியல் பெயர். தட்டையாக, வட்டமாக, கண்ணாடி போல இருக்கும். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. இரண்டு உறிஞ்சிகளால் மீனைப் பற்றிக்கொண்டு, ஊசி போன்ற உறுப்பால் குத்தி உறிஞ்சும். குத்திய இடம் புண்ணாகும். அதில் பாக்டீரியாவும் பூசணமும் ஏறிக்கொள்ளும். மீன் சாவது பல நேரம் அந்தப் புண்ணால்தான். நம் பகுதியில் விடும் மீன்களில் ரோகுவை இது அதிகம் தாக்குகிறது.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெண் பேன் மீனின் மேல் முட்டையிடுவதில்லை. மீனை விட்டு நீந்திப் போய்க் கல், கம்பு, நீர்ச்செடி போன்றவற்றின் மேல் நூற்றுக்கணக்கில் ஒட்டவைக்கிறது. நம் வெப்பத்தில் ஏறக்குறைய 2, 3 வாரங்களில் முட்டை பொரிக்கிறது. பொரித்த குஞ்சு சில நாட்களுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையேல் மடியும். ஆகவே மீன் மேல் இருப்பதை மட்டும் கொன்றால் போதாது. கல்லில் இருக்கும் முட்டை அடுத்த மாதம் மறுபடியும் பேனாகி வரும்.

பருத்தி மருந்து ஏன் ஆகாது?

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகள் பேனைக் கொல்லும் என்பது உண்மை. அவை மீனையும் கொல்லும் என்பதும் உண்மை. பேன் சாகும் அளவுக்கும் மீன் சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. பருத்தி மருந்தின் சீட்டில் ஏக்கருக்கு இவ்வளவு என்று இருக்கும். குட்டைக்கு வேண்டியதோ, எத்தனை லிட்டர் தண்ணீர் என்ற கணக்கு. நீளம் 20 மீட்டர், அகலம் 20 மீட்டர், சராசரி ஆழம் ஒரு மீட்டர் உள்ள குட்டையில் 4 லட்சம் லிட்டர் நீர் இருக்கும். மாசியில் ஆழம் அரை மீட்டராகக் குறைந்தால் 2 லட்சம் லிட்டர்தான். தையில் ஊற்றிய அதே அளவை மாசியில் ஊற்றினால் நஞ்சு இரட்டிப்பாகிறது. மூடியில் அளந்து ஊற்றுவோர் இதை நினைப்பதில்லை.

இன்னொரு கேடும் உண்டு. கட்லாவுக்கு முக்கிய இரை நீரிலுள்ள நுண்ணிய விலங்குயிர்கள். அவற்றில் பல, மீன் பேனின் உறவினங்களே. பேனுக்கு ஊற்றும் நஞ்சு அவற்றையும் துடைத்துவிடும். மீன் பிழைத்தாலும் இரையின்றி மெலியும். அந்தக் குட்டையில்தான் ஆடு மாடு நீர் குடிக்கிறது. அந்த மீனைத்தான் நம் பிள்ளைகள் உண்கிறார்கள். கண்மாய் என்றால் ஊரே அதை நம்பியிருக்கிறது. மீன்பாசி குத்தகை எடுத்தவருக்கு மீனில் உரிமை உண்டு; தண்ணீரில் நஞ்சு கலக்க உரிமை இல்லை. இதைக் குத்தகை பேசும்போதே ஊரார் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

கோடையே மருந்து

பேன் முட்டை ஈரம் இல்லாவிட்டால் பிழைக்காது. கரிசல் மண் குட்டை சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும்போது முட்டைகள் ஒழிகின்றன. ஆண்டுதோறும் முழுக்கக் காயும் கண்மாயில் சென்ற ஆண்டுப் பேன் தங்க வழியில்லை. அங்கு வந்தால் புதுக் குஞ்சுடன் வர வேண்டும். அல்லது மேல் கண்மாய் மறுகால் பாயும் நீரில் மீனோடு வர வேண்டும்.

தொல்லை நிலைப்பது எங்கே? தார்ப்பாய் விரித்த குட்டையிலும், ஆழ்குழாய் நீர் விட்டு வற்றாமல் வைத்திருக்கும் குட்டையிலும்தான். அரைக் கிலோ மீனை விற்க மனமின்றி, இன்னும் பெருக்கட்டும் என்று ஒரு மூலையில் நீர் தேக்கி வைக்கிறோம். அந்த நாலைந்து மீனே அடுத்த ஆண்டுப் பேனுக்கு விதை. அவற்றை விற்றுவிடுவதே மேல் என்பேன். விலை குறைவாகத்தான் போகும். ஆனால் மழைக்குப் பின் விடும் புதுக் குஞ்சுகளைப் பேனுக்குப் பறிகொடுப்பதை விட அது சிறிய நட்டம்.

ஆண்டுக்கு ஒரு முறை குட்டையை முழுக்க வற்றவிட்டு, வண்டலை வாரி நிலத்துக்கு அடித்து, குறைந்தது 2 வாரமாவது வெயிலில் காயவிட வேண்டும். தார்ப்பாய்க் குட்டையானால் மடிப்புகளைத் துடைப்பத்தால் தேய்த்துக் காயவைக்க வேண்டும். கரிசல் மண் இயல்பாகவே காரத்தன்மை உடையது. மண்ணைத் திருத்த அதற்குச் சுண்ணாம்பு தேவையில்லை. ஈரம் வற்றாத பள்ளங்களில் மட்டும் சுட்ட சுண்ணாம்பைத் தூவினால் போதும்.

நீர் இருக்கும்போது பேன் வந்துவிட்டால், மூங்கில் கம்புகளையும் பலகைகளையும் ஆங்காங்கே ஊன்றி வைக்க வேண்டும். பெண் பேன் அவற்றின் மேல் முட்டையிடும். வாரத்துக்கு ஒரு முறை அவற்றை வெளியே எடுத்து, சுரண்டி, நன்றாகக் காயவைத்து மீண்டும் ஊன்ற வேண்டும். இதற்குச் செலவு இல்லை, உழைப்பு மட்டுமே. நீர்ச்செடிகளையும் மட்கிய முள்ளையும் அகற்றினால் முட்டையிட வேறு இடம் குறையும். வளர்ந்த மீனைப் பிடித்து விற்று நெருக்கத்தைக் குறைப்பதும் பயன் தரும். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால், மாவட்ட மீன்வளத் துறை அலுவலரை அழைத்து, நீரை அளந்து, மீனுக்கென்றே உள்ள மருந்தை அவர் சொல்லும் அளவில் இட வேண்டும். மருந்து கடைசிப் படி.

குஞ்சு வாங்கும்போதே

வண்டியில் வரும் குஞ்சுகளை எண்ணிக்கை மட்டும் பார்த்து வாங்குகிறோம். பத்துக் குஞ்சை வெள்ளைத் தட்டில் நீரோடு விட்டுப் பாருங்கள். ஒட்டிய பேன் கண்ணுக்குத் தெரியும். ஒன்று தெரிந்தாலும் அந்த வண்டிக் குஞ்சு வேண்டாம். குட்டை வெட்டக் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கை, பேனற்ற குஞ்சு கிடைக்கச் செய்வதிலும் அரசுத் துறைகள் காட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை.

வாங்கிய குஞ்சை 10 லிட்டர் நீருக்கு 300 கிராம் கல்லுப்பு கரைத்த நீரில் ஓரிரு நிமிடம் விட்டு எடுக்கலாம். குஞ்சு தடுமாறினால் உடனே எடுத்துவிட வேண்டும். உப்பு நீர் பல நுண்ணுயிர்த் தொல்லைகளைக் குறைக்கும். ஆனால் எல்லாப் பேனும் அதில் விழுந்துவிடும் என்று நம்ப வேண்டாம். பார்த்து வாங்குவதே காப்பு.

தொட்டி மீன் வளர்ப்போருக்கு

அலங்கார மீன் வளர்ப்போரை அதிகம் வருத்துவது வெண்புள்ளி நோய். உப்புத் தூவியது போல் உடம்பெங்கும் புள்ளி தெரியும். இதற்குக் காரணமான ஓரணு உயிரி 1876 முதல் அறிவியலார் அறிந்தது. இதிலும் பாடம் அதேதான். தோலுக்குள் இருக்கும் உயிரியை மருந்து எட்டாது. அது கீழே விழுந்து, நூற்றுக்கணக்காகப் பிரிந்து, புது மீனைத் தேடி நீந்தும்போதுதான் சாகும். ஆகவே ஒரு நாள் மருந்து பயன் தராது. லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை வைத்து, தினமும் அடிநீரை உறிஞ்சி எடுக்க வேண்டும். நீர் 30 டிகிரிக்கு மேல் இருந்தால் இந்த உயிரி பெருகுவதில்லை. மார்கழிக் குளிரில் இது மிகுவதன் காரணம் இதுவே. கடையில் கிடைக்கும் மலாக்கைட் பச்சையை உண்ணும் மீன் உள்ள குட்டையில் ஒருபோதும் இடக் கூடாது. அது கலந்த தொட்டி நீரையும் அங்கே கொட்டக் கூடாது.

வறட்சியைச் சாபம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மீன் குட்டைக்கு அது ஆண்டுக்கு ஒரு முறை வரும் இலவச வைத்தியம். பங்குனியில் மீனைப் பிடித்து முடித்ததும் குட்டையைக் காயவிடுங்கள். பருத்தி மருந்து பருத்திக் காட்டோடு நிற்கட்டும்.