ஊசி போடாத டாக்டர்

ஊசி போடாத டாக்டராவதற்கு, அதாவது பிஎச்.டி. பட்டத்துக்கு, ஆராய்ச்சி செய்யும் பெண் உங்கள் வீட்டில் இருக்கிறாளா? "எப்போதம்மா முடிப்பாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்! எழுதுவதுதான் அவள் கையில். முடிப்பது பேராசிரியர் கையிலும் இருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ம் வருஷத்து விதிப்படி, ஒரு பேராசிரியர் 8 பேருக்கு வழிகாட்டலாம். படிப்புக்குக் குறைந்தது 3 வருஷம், அதிகம் போனால் 6. பெண்களுக்கு மேலும் 2 வருஷம் வரை சலுகை; பிரசவத்துக்கும் குழந்தையைக் கவனிக்கவும் 240 நாள் வரை லீவு. நல்ல ஏற்பாடுதான்.

மாணவிக்குக் கெடு வைத்தாயிற்று. ஆனால் பேராசிரியரின் மேஜைமேல் மாதக்கணக்கில் தூங்கும் அத்தியாயத்துக்குக் கெடு வைப்பது யார்?

ஆகவே, "ஸார் படித்துக் கொடுத்துவிட்டாரா?" என்று கேளுங்கள். சிரிப்பாள், அல்லது அழுது தீர்ப்பாள். இரண்டும் அவளுக்கு நல்லதே!