முட்டை ஊரில் ஓணான் கணக்கு

பருவநிலை மாற்றம் என்று பேச்சு வந்தாலே நம் ஆட்கள் உடனே பனிக்கரடிக்குப் போய்விடுவார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம் நண்பர்களே. சேந்தமங்கலத்தில் இருந்து கொல்லிமலை அடிவாரம் போகிற வழியில் ஏதாவது ஒரு காட்டு வேலியைப் பாருங்கள். தலையை ஆட்டிக்கொண்டு ஓணான் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒடக்கான் என்றும் சொல்வோம். "வேலிக்கு ஓணான் சாட்சி" என்று கிண்டலாகச் சொல்வார்கள். கூடுகிற வெயிலுக்கு அது நிஜமாகவே நல்ல சாட்சி.

வெயிலுக்கும் முட்டைக்கும் என்ன உறவு என்று நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. சித்திரை வெயிலில் கோழி தீவனம் குறைவாக எடுக்கும், மூச்சு வாங்கும், முட்டை சிறுக்கும், ஓடு மெலியும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி கோழிப் பண்ணைகளை மனதில் வைத்தே வானிலை ஆலோசனை சொல்கிறது.

ஓணானின் கதையும் இதேதான், இன்னும் கொஞ்சம் கஷ்டம். கோழி தன் உடல் சூட்டை ஓரளவு தானே காத்துக்கொள்ளும். ஊர்வனவற்றுக்கு அது முடியாது. காலையில் வெயில் காய வேண்டும், உச்சிப் பொழுதில் நிழலுக்கு ஓட வேண்டும். நிழலில் பதுங்கிக் கிடக்கிற நேரம் இரை தேடாத நேரம். இரை குறைந்தால் வயிற்றுக்குள் கொழுப்பு சேராது. சேர்த்து வைத்த கொழுப்பு இல்லை என்றால் முட்டையின் மஞ்சள் கருவுக்கு எங்கே போவது?

இது வெறும் ஊகம் இல்லை. மெக்சிகோவில் பல்லி இனங்கள் வாழ்ந்த 200 இடங்களை ஆராய்ச்சியாளர்கள் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 2010-இல் வெளிவந்த முடிவு: 1975-க்குப் பிறகு 12 சதவீத இடங்களில் அவை அற்றுப்போய்விட்டன. இனப்பெருக்க காலத்தில் வெயிலுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் நேரம் கூடியதுதான் காரணம் என்றார்கள்.

அடுத்தது மழை. ஓணான் மண்ணைத் தோண்டி முட்டையிடும். அதன் முட்டை ஓடு கோழி முட்டை போலக் கெட்டியானது அல்ல, தோல் மாதிரி இருக்கும்; மண்ணின் ஈரத்தை உறிஞ்சித்தான் கரு வளரும். காய்ந்த மண்ணில் தோண்டவும் முடியாது, முட்டையும் வற்றிவிடும். தார்வாடில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் ஓணான்களைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். முட்டையிட வசதி இல்லாவிட்டால் பெண் ஓணான் முட்டைகளை வயிற்றிலேயே வைத்துக்கொள்கிறது. கருவும் ஒரு கட்டத்தோடு வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கிறது. ஆனால் எத்தனை நாள் காத்திருக்கும்?

மண்ணுக்குள் போன பிறகும் சூடு விடுவதில்லை. நம் காவிரியில் ஒகேனக்கல் பக்கம் இருக்கும் சதுப்புநில முதலையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை முதலைப் பண்ணையில் நடந்த ஆய்வு 1989-இல் வெளியானது. முட்டையை 31 டிகிரியில் வைத்தால் எல்லாம் பெண், 32.5 டிகிரியில் எல்லாம் ஆண். ஒன்றரை டிகிரி ஒரு தலைமுறையையே தீர்மானிக்கிறது!

2016-இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. பயிருக்குக் கணக்கு எடுத்தார்கள், சரி. வேலியில் இருந்த ஓணான் மெலிந்ததா, முட்டை வைத்ததா என்று கேட்டவர் யார்? அது பூச்சி தின்கிற பிராணி. அது குறைந்தால் லாபம் பூச்சிக்குத்தான்.

வெயிலையும் மழையையும் நாம் உத்தரவு போட்டு மாற்ற முடியாது. நிழல் மட்டும் நம் கையில் இருக்கிறது. கிளுவை வேலி, கள்ளி வேலி எல்லாம் எடுத்துவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கிறோம். தோட்டக்காரர்களைக் குறை சொல்லவில்லை. உயிர்வேலி இடத்தை அடைக்கும், வருடாவருடம் வெட்டிவிட வேண்டும், ஆள் கூலி கட்டாது. ஆனால் கம்பிக்கு நிழல் கிடையாது, இலை கிடையாது, பூச்சியும் கிடையாது. பண்ணைக் கோழிக்குக் கொட்டகை போட்டுத் தண்ணீர் தெளிக்கிறோமே, ஓணானுக்கு வேலிதான் கொட்டகை.

நான் கேட்பது இரண்டுதான். நாலு பக்கமும் கம்பி போட்டாலும் ஒரு பக்கமாவது கிளுவையை விட்டு வையுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கல்லெடுத்து அடிக்காமல், பிடித்துத் துன்புறுத்தாமல், ஒரு நோட்டில் எழுதட்டும்: ஆண் ஓணானின் கழுத்து எந்த வாரம் சிவந்தது, எந்த மழைக்குப் பிறகு பெண் மண்ணைத் தோண்டியது, குஞ்சு எப்போது கண்ணில் பட்டது. பத்து வருடம் எழுதினால், கோழிக்கு இருப்பதுபோல் ஓணானுக்கும் இந்த ஊரில் ஒரு கணக்கு இருக்கும்.